இலவச டிக்கெட்டுக்கு எத்தனை லிட்டர்?

இலவசமாகக் கொடுத்த விமான டிக்கெட்டுக்கு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசியைக் கட்டு என்றால் சராசரி மனிதன் என்ன செய்வான்? நறுக்கென்று நாலு வார்த்தை திட்டுவான். திட்டி முடித்துவிட்டுக் கட்டுவான். விமானக் கம்பெனிகள் அவன் திட்டுவதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. லிட்டர் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "எத்தனை லிட்டருக்கு?" என்று கேட்டார். அவருக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

லிட்டர் என்பது பட்டப்பெயர். வைத்தவர்கள் விமான நிலையங்களில் எண்ணெய் லாரி ஓட்டுகிறவர்கள். மனிதர் அளவைத் துறையில் ஆய்வாளர். விமானத்துக்கு எண்ணெய் நிரப்பும் லாரியில் ஒரு மீட்டர் இருக்கும். அது ஆயிரம் என்று காட்டினால் நிஜமாகவே ஆயிரம் லிட்டர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஈய முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவதும், இல்லாவிட்டால் லாரியை ஓரங்கட்டுவதும் அவருடைய உத்தியோகம். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் எஃகுத் தொட்டி ஒன்று. அதன் கழுத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய். எண்ணெய் மேலே வந்து நின்றதும் முழங்கால் போட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, எண்ணெய் ஆடி அடங்கும்வரை பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார். லாரிக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கிறது. மனிதர் மசிந்ததில்லை. அளவு காட்டாமல் காசு வாங்குகிறவன் திருடன் என்பது அவர் கட்சி.

எண்ணெய் லாரி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் போக வேண்டியிருந்ததால் மாதத்துக்கு மூன்று தடவை விமானம் ஏறினார். ஏறும்போதெல்லாம் கம்பெனி அவருக்குப் பாயிண்ட் கொடுத்தது. 'சிறகுக் குடும்பம்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பயணியைக் குடும்பம் என்று கூப்பிடுகிறவன் முன்னால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பாயிண்டைக் கொடுத்து இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் என்று வாங்கிக்கொண்டார்கள். லிட்டர் பதினாறு வருடம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அக்கா கடல் தாண்டிப் போன பிறகு, அவரைப் பார்க்கவென்றே வைத்திருந்தார்.

அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அம்மா சீக்கிரமே போய்விட, தம்பிக்குத் தலை வாரி, மூக்கைத் துடைத்து, பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனவர். மகன் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. போன வருடம் ஒரு கண் போயிற்று. இப்போது அடுத்ததும் மங்குகிறது, இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் முகம் அடையாளம் தெரியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"வந்துட்டுப் போடா," என்றார் அக்கா போனில். "கண்ணு இருக்கறப்பவே உன் மூஞ்சிய ஒரு தடவ நல்லா பாத்து வெச்சுக்கறேன்."

"இந்த ரெண்டு மாசமா வாரா வாரம் வீடியோல பாக்கறியேக்கா?"

"அது மூஞ்சியா? வெறும் வெளிச்சம்டா அது. கண்ணு கூசுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு லிட்டரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். பத்தாம் நாள் விமானத்தில் இடம் இருந்தது. போக வர இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பாயிண்ட். அவரிடம் அதற்கு மேலேயே இருந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் பயணம் முற்றிலும் இலவசம்' என்று திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. மனைவி கைதட்டினாள். அடுத்த பக்கத்தில் பயணக் கட்டணம் பூஜ்யம் என்று இருந்தது. அதற்குக் கீழே எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று ஒரு தொகை. லிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது அப்போதுதான்.

பக்கத்தில் கிடந்த கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டார். அந்த ரக விமானம் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு குடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இருக்கைகளால் வகுத்தால் ஆளுக்குப் போக வர ஐந்நூறு லிட்டர். கேட்ட பணத்துக்கு ஆயிரத்து நானூறு லிட்டர் வாங்கலாம். இவரைத் தூக்கிக்கொண்டு விமானம் வழி தெரியாமல் இன்னும் ஒரு தடவை போய் வந்தாலும் மிச்சம் இருக்கும்.

"கட்டிடுங்க," என்றாள் மனைவி. "கையில பணம் இருக்கு. போயிட்டு வந்து சண்ட போடுங்க."

"எத்தன லிட்டர்னு சொல்லட்டும், கட்டறேன். ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

இந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு பல நாள் அவர் தலையணையில் புரண்டு புரண்டு நினைத்துக்கொண்டார்.

போன் போட்டால் முதலில் கம்பெனிப் பாட்டு. நாற்பது நிமிஷம் அதையே கேட்டால் விமானத்தின் மேல் மட்டுமல்ல, வானத்தின் மேலேயே வெறுப்பு வரும். அப்புறம் ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார், சிறகுக் குடும்பம். இன்னைக்கு உங்கள எப்படி சந்தோஷப்படுத்தலாம்?"

"எரிபொருளுக்குன்னு காசு கேட்டிருக்கீங்க. எத்தன லிட்டர் எரிபொருளுக்கு?"

"சார், அது ஒரு டிக்கெட்டுக்கு."

"டிக்கெட்டு அளவு இல்லம்மா. எண்ணெய்க்கு அளவு லிட்டர்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சார், லிட்டர்னா, கைப்பையில நூறு மில்லிக்கு மேல திரவம் அனுமதி இல்ல."

லிட்டர் பொறுமைசாலி. எண்ணெய் அடங்கக் காத்திருந்து பழகியவர். மறுபடி முதலிலிருந்து சொன்னார். பிறகு கேட்டார்: "காசு குடுத்து டிக்கெட் வாங்கறவங்களுக்கு இந்தக் கட்டணம் தனியா காட்டலியே, ஏன்?"

"அவங்களுக்கு டிக்கெட் விலையிலயே அடங்கிடும் சார். உங்களுக்கு டிக்கெட் இலவசம். அதனால அடங்கறதுக்கு உள்ள இடம் இல்ல. வெளிய நிக்குது."

அவள் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்துப் படித்தாள். புகாரைப் பதிவு செய்துகொண்டு பத்தொன்பது இலக்கத்தில் ஒரு எண்ணும் கொடுத்தாள். பதிவுக் கட்டணமாக நானூறு பாயிண்ட் கழிக்கப்பட்டது என்று போனை வைத்த மறுநிமிஷமே குறுஞ்செய்தி வந்தது. புகார் கொடுக்கிறவனிடமே புகாருக்குக் கூலி வாங்குவதில் இவர்களுக்குக் கூச்சம் என்பது மருந்துக்கும் கிடையாது.

பத்து நாளுக்கு மேல் பதில் இல்லை. லிட்டர் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனார்.

கம்பெனி அலுவலகத்தின் வாசலில் மூன்று வரிசை. தங்கச் சிறகுக்காரர்களுக்குச் சிவப்புக் கம்பளம், வெள்ளிச் சிறகுக்காரர்களுக்கு நீலக் கம்பளம், செம்புச் சிறகுக்காரர்களுக்கு வெறும் ரப்பர் விரிப்பு. லிட்டர் பதினொரு வருடம் வெள்ளியாக இருந்தவர். நாலு மாதமாக உள்ளூரிலேயே வேலை இருந்ததால் அவரைச் செம்பாக்கிவிட்டிருந்தார்கள். மூன்று வரிசையும் நீண்டு வளைந்து ஒரே ஜன்னலில் போய் முடிந்தன. ஜன்னலுக்குப் பின்னால் ஒரே ஆள். தங்கம் வந்தால் எழுந்து நின்று, "மன்னிக்கணும் சார், சிஸ்டம் வேலை செய்யல," என்றான். வெள்ளி வந்தால் உட்கார்ந்தபடி, "சிஸ்டம் வேலை செய்யல சார்," என்றான். செம்பு வந்தால் சிஸ்டத்தை நோக்கிக் கையைக் காட்டினான்.

கடைசியில் உறவு மேலாளர் என்று ஒருவரிடம் அனுப்பினார்கள். இளைஞர், கழுத்துப் பட்டையில் சின்னச் சின்ன விமானங்கள். மேஜையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது, வேலை செய்கிற மேஜை இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. லிட்டர் கரண்ட் பில்லைப் பிரித்து வைத்தார்.

"அருமையான கேள்வி சார்," என்றார் உறவு மேலாளர். "மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். எரிபொருள் கூடுதல் கட்டணம் எரிபொருளுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"எரிபொருள் வெல ஏறிடுமோங்கற கவலைக்கு. கம்பெனி ராத்திரி பகலா கவலப்படுது சார். அந்தக் கவலையில ஒரு பங்க குடும்ப உறுப்பினர்களோட பகிர்ந்துக்கறோம்."

"இப்ப எண்ணெய் வெல எறங்கியிருக்கு. நான் வாரா வாரம் பாக்கறேன். கட்டணம் எறங்கலியே?"

"எறங்கினது மறுபடி ஏறுமே சார்! வெல ஒசரத்துல இருந்தா இன்னும் கொஞ்சந்தான் ஏற முடியும். கீழ இருந்தா எவ்வளவு வேணா ஏறலாம். அதனால வெல எறங்க எறங்கக் கவல ஜாஸ்தி ஆகும்." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிஜமாகவே கவலை தெரிந்தது.

லிட்டருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறுமை போயிற்று. "வேணாங்க. உங்க எண்ணெயே வேணாம். எனக்கு ஆகற ஐந்நூறு லிட்டர நானே வாங்கிட்டு வந்து லாரில ஊத்திடறேன். இலவசமா கூட்டிட்டுப் போங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். உறவு மேலாளர் பேனாவை எடுத்தார். "இது புது முன்மொழிவு சார். எனக்கு அதிகாரம் இல்ல. குழுவுக்குத்தான் போகணும்."

அன்று சாயங்காலம் அக்கா பேசினார். வெள்ளைச் சோப்பை வெள்ளைத் தொட்டியில் தேடிக் களைத்ததைச் சொல்லிச் சிரித்தார். "எப்படா வர்ற?" என்றார். இதோ ஒரு கூட்டம் இருக்கு, முடிஞ்ச உடனே வர்றேன் என்றார் லிட்டர். பத்தாம் நாள் விமானம் அதற்குள் அவரை விட்டுவிட்டுப் போயிருந்தது.

குழு கூடுவதற்கு நாலு வாரம் ஆயிற்று. முதல் தடவை தலைவர் ஊரில் இல்லை. இரண்டாவது தடவை தலைவர் வந்தார், அவருக்கான நாற்காலி வரவில்லை. அந்த நாலு வாரமும் மனைவி அவரோடு அளவாகத்தான் பேசினாள். ஒரு நாள் அதையும் தாண்டி வெடித்தாள்.

"அவங்க கொள்ளக்காரங்க. ஒத்துக்கறேன். நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். ஆனா உங்க அக்காவோட கண்ணு உங்க நியாயத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"அளவு காட்டாம காசு வாங்கினான்னு எத்தன பேரோட லாரிய நிறுத்தியிருக்கேன். நானே போய் அளவு கேக்காம குடுத்தா, அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"லாரிக்காரங்க மூஞ்சியா இப்ப முக்கியம்?"

 இருந்தாலும் கட்டவில்லை. முப்பது வருடம் ஒரே கோட்டைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாமல் போகும் போலிருக்கிறது.

எரிபொருள் கூடுதல் கட்டண நெறிமுறைக் குழு பன்னிரண்டாவது மாடியில் கூடியது. ஐந்து பேர். மேஜை நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு பொம்மை விமானம், அதன் வால் மறைத்ததில் ஐந்தாவது ஆளின் முகம் கடைசிவரை தெரியவில்லை. தலைமையில் முதன்மை மகிழ்ச்சி அதிகாரி என்கிற அம்மாள். அவர் எழுந்து நின்று பேசினார்.

"இந்தக் கம்பெனி எதையும் இலவசமா குடுக்கற கம்பெனி இல்லைங்கறத நான் பெருமையோட சொல்லுவேன். ஆனா இலவசம்ங்கற உணர்வ நாம குடுக்கறோம். டிக்கெட்ட யாரும் குடுப்பாங்க. அந்த உணர்வ யார் குடுப்பா? பாயிண்ட்ங்கறது என்ன? நாங்க உங்களுக்குக் குடுத்த வாக்கு. கூடுதல் கட்டணம்ங்கறது என்ன? அந்த வாக்க நாங்க காப்பாத்தறதுக்கு ஆகற செலவு. வாக்க காப்பாத்தறது எவ்வளவு கஷ்டம்னு குடும்பத்துல இருக்கற எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் மட்டும் இந்தக் கஷ்டத்துனால கம்பெனிக்குக் கெடச்ச லாபம் எண்ணெய்க்கு நாங்க செலவு பண்ணினதுல பாதி. இது எதக் காட்டுது? உறுப்பினர்கள் எங்கள எவ்வளவு நேசிக்கறாங்கன்னு காட்டுது."

மூன்று பேர் கைதட்டினார்கள். வாலுக்குப் பின்னாலிருந்தும் கைதட்டல் கேட்டது.

குழுவில் ஒரு தெரிந்த முகம் இருந்தது. கம்பெனியின் எண்ணெய் அதிகாரி. லிட்டருக்கு அவரைப் பதினைந்து வருடமாகத் தெரியும். எண்ணெய் விற்கிறவர்களிடம் ஆயிரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது என்று கொட்டும் மழையில் குடையில்லாமல் நின்று சண்டை போட்டு, லிட்டரை வரவழைத்து, தொட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி, அந்த அரை லிட்டரை வாங்கிக்கொண்டு போனவர். லிட்டருக்குத் தெம்பு வந்தது.

"சாரே சொல்லட்டும். ஒரு ஆளுக்கு எத்தன லிட்டர் ஆகும்னு அவருக்குத் தெரியும். அளக்காம ஒரு லிட்டர்கூட வாங்க மாட்டார்."

எண்ணெய் அதிகாரி தொண்டையைச் செருமினார். "நான் பாக்கறது விமானத்துல ஊத்தற எண்ணெய். அது மீட்டர்ல வரும், அளக்கலாம். இவர் கேக்கறது கூடுதல் கட்டணத்துல வர்ற எரிபொருள். அது விற்பனைப் பிரிவோட எரிபொருள். அத நான் கண்ணால பாத்ததே இல்ல."

"அப்ப யார் பாத்திருக்கா?"

"யாரும் பாக்க முடியாது," என்றார் முதன்மை மகிழ்ச்சி அதிகாரி கனிவோடு. "அதுதான் அதோட சிறப்பு."

முடிவு ஒன்பதாம் நாள் தபாலில் வந்தது. கெட்டி உறை, உள்ளே வழவழப்பான தாள். உறுப்பினர் தமக்கான எரிபொருளைத் தாமே கொண்டுவரும் முன்மொழிவைக் குழு ஆழ்ந்த அக்கறையுடன் பரிசீலித்தது. மேற்படி ஐந்நூறு லிட்டர், உறுப்பினரின் கூடுதல் சுமையாகக் கருதப்படும். அச்சுமைக்கான கட்டணத்துடன், அச்சுமையைச் சுமக்க ஆகும் எரிபொருளுக்கான கூடுதல் கட்டணமும் வசூலிக்கப்படும். எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் அச்சுமை ஏற்றப்பட மாட்டாது. ஏற்றப்படாமைக்காகக் கட்டணம் திருப்பித் தரப்படவும் மாட்டாது. உறுப்பினரின் விடாமுயற்சியைப் பாராட்டி அவருக்குப் 'பொறுமைச் சிறகு' என்ற சிறப்புத் தகுதியும் ஐயாயிரம் பாயிண்டும் வழங்கப்படுகின்றன. இப்பாயிண்டுகளை எரிபொருள் கூடுதல் கட்டணம் உள்ள பயணங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். எத்தனை லிட்டர் என்ற கேள்வி குழுவின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

கூடவே ஒரு பொறுமைச் சிறகு, குண்டூசி வைத்தது. சட்டையில் குத்திக்கொள்ளலாம்.

லிட்டர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் போன் செய்தான். மாமா, அம்மா நேத்து என்னையே யாருன்னு கேட்டாங்க, நீங்க கிளம்புங்க என்றான். அவ்வளவுதான். லிட்டர் கம்ப்யூட்டரைத் திறந்தார். கூடுதல் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது, அந்த வாரம் எண்ணெய் விலை நன்றாக இறங்கியிருந்தபடியால். பாயிண்டுக்கு ஒதுக்கிய இருக்கை பத்தொன்பது நாள் கழித்துத்தான் இருந்தது. காசு கொடுத்துப் போகலாம் என்று தேடினால் பள்ளி விடுமுறை, எதிலும் இடம் இல்லை. அளவு கேட்காமல், ரசீதில் லிட்டர் என்ற சொல்லே இல்லாமல், கேட்ட தொகையைக் கட்டினார். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். இதை முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்திருக்கலாமே என்று அவள் சொல்லவில்லை. அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கம்பெனியின் மேல் வந்த ஆத்திரத்துக்குச் சமமாகத் தன் மேலும் ஆத்திரம் வந்தது.

விமானத்தில் அவருக்கு ஜன்னல் ஓரம். கீழே எண்ணெய் லாரி நின்றிருந்தது. அவர் குத்திய முத்திரைதான். லாரி மீட்டருக்கு முன்னால் எண்ணெய் அதிகாரி குந்தி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநரிடம் விரலை நீட்டி ஏதோ சண்டை போட்டார். ஓட்டுநர் குழாயை மறுபடி மாட்டி இன்னும் கொஞ்சம் விட்டார். அதிகாரி திருப்தியாக எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுப் பிரியர். தவணைக் கடையில் விற்பனையாளராம், மூன்று மாதம் முன்னாலேயே தள்ளுபடியில் டிக்கெட் எடுத்தாராம். எவ்வளவு ஆயிற்று என்று பெருமையாகச் சொன்னார். லிட்டர் இலவச டிக்கெட்டுக்குக் கட்டியதைவிட அது குறைவு.

"நீங்க எவ்வளவுக்கு எடுத்தீங்க சார்?"

"எனக்கு ஃப்ரீ," என்றார் லிட்டர்.

"குடுத்து வெச்சவரு சார் நீங்க!"

அக்கா வீட்டுக் கதவை அக்கா மகன் திறந்தான். முன்னறையில் ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டி, தலை வாரியிருந்தார். லிட்டர் உள்ளே வந்ததும் அக்கா வெடுக்கென்று முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோவமாக்கா?"

"கோவம் இல்ல மாமா," என்றான் அக்கா மகன் மெதுவாக. "நேரா பாத்தா எதுவும் தெரியாது. ஓரத்துல மட்டும் கொஞ்சம் இருக்கு. உங்களப் பாக்கணும்னா வேற பக்கம் திரும்பணும்."

அக்கா அலமாரியைப் பார்த்தபடி கையால் சைகை காட்டினார். "கொஞ்சம் தள்ளி நில்லு. இன்னும். இப்பிடி வா. சட்ட தெரியுது. நீலமா?"

"ஆமாக்கா."

"மூஞ்சி வரலடா." கழுத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினார், பிறகு மறுபக்கம் திருப்பினார். "போன மாசம் இருபது தேதி வரைக்கும் வந்துச்சு. கஷ்டப்பட்டாவது வந்துச்சு. நீ முன்னாடியே வர்றேன்னியே, டிக்கெட் கெடைக்கலியா?"

லிட்டர் அவர் காலடியில் உட்கார்ந்தார். "கெடச்சுதுக்கா. மொத நாளே கெடச்சுது," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஐந்நூறு லிட்டர், நானூறு பாயிண்ட், ரப்பர் விரிப்பு, பன்னிரண்டாவது மாடி. ஊரில் யாரிடம் சொன்னாலும் கொதித்துப்போய்க் கேட்ட கதை அது. இந்த அறையில் சொல்லும்போது அவருக்கே அசிங்கமாக இருந்தது. குழுவோடு நிறுத்திக்கொண்டார்.

"நீ கேட்டது நியாயந்தானடா," என்றார் அக்கா.

அவர் திட்டியிருந்தால் தேவலை.  அக்கா மகன் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

"சரி விடு. தல நரச்சிடுச்சா?"

லிட்டரின் தலை மொத்தமாக வெளுத்து நாலு வருடம் ஆயிற்று. முன்பக்கம் அதுவும் இல்லை.

"இல்லக்கா. ஒண்ணுகூட நரைக்கல."

"பல்லு?"

"எல்லாம் இருக்கு."

"அப்ப சரி. நான் நெனச்சு வெச்சிருக்கற மூஞ்சியே போதும்," என்றார் அக்கா. அலமாரியை விட்டுத் திரும்பி, எந்தப் பக்கம் பார்த்தால் தனக்கு ஒன்றுமே தெரியாதோ அந்தப் பக்கமாக, தம்பியின் முகத்துக்கு நேரே பார்த்துச் சிரித்தார்.